சென்டர் 6, ஹார்வர்ட் 0 (1921): சின்னக் கல்லூரியின் வெற்றியா, வெளியூர் ஆட்டக்காரர்களின் வெற்றியா?

நாலாவது_டவுன்
1921 அக்டோபர் 29. கென்டக்கி மாநிலம் டான்வில் ஊரின் சென்டர் கல்லூரி, மாணவர் எண்ணிக்கை 300ஐக்கூடத் தொடாதது, அமெரிக்க ஃபுட்பாலில் ஹார்வர்டை அதன் சொந்த மைதானத்திலேயே வீழ்த்தியது. அதற்கு முன் ஹார்வர்ட் 25 ஆட்டங்களாகத் தோற்றதில்லை. மூன்றாம் கால்பகுதியில் போ மெக்மில்லின் 32 யார்டு ஓடி அடித்த டச் டவுன்தான் (பந்தோடு எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டுவது, 6 புள்ளி) ஆட்டத்தின் ஒரே புள்ளிக்கணக்கு. அதற்குப் பின் கூடுதல் புள்ளிக்காக அடித்த உதையும் தவறியது. அமெரிக்க ஃபுட்பாலில் சின்னக் கல்லூரி ஒன்றின் ஆகப்பெரிய வெற்றி இதுதான் என்பது என் கட்சி.

ஐந்துகெஜம்
வெற்றி பெரியது, மறுக்கவில்லை. "சின்னக் கல்லூரி" என்ற அடைமொழியைத்தான் ஏற்க முடியவில்லை. டெக்சஸின் ஃபோர்ட் வொர்த்தில் நார்த் சைட் உயர்நிலைப்பள்ளியின் பயிற்சியாளராக இருந்தவர் சீஃப் மையர்ஸ். அவர் டான்வில்லுக்கு வந்தபோது அந்தப் பள்ளியின் ஆட்டக்காரர்களும் பின்னாலேயே வந்தார்கள்: மெக்மில்லின், ரெட் வீவர், மேட்டி பெல். கல்லூரியில் சேரப் பாடத் தகுதி போதாததால் மெக்மில்லினும் வீவரும் முதலில் கென்டக்கியின் சோமர்செட்டில் பள்ளிப் படிப்பை முடிக்க வேண்டியிருந்தது. அதன்பின் மையர்ஸ் தானாகவே விலகி, அணியை சார்லி மோரனிடம் கொடுத்தார். மோரன் 1909 முதல் 1914 வரை டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியை நடத்தியவர், நேஷனல் லீக் பேஸ்பாலில் நடுவராகவும் இருந்தவர். 300 மாணவர்களிலிருந்து தானாக முளைத்த அணி இல்லை இது. ஆளை எடுத்து, பயிற்சியாளரை எடுத்துக் கட்டிய அணி.

நாலாவது_டவுன்
ஆள் எடுப்பது அன்று எல்லோரும் செய்ததுதானே? சென்டரின் ரெட் ராபர்ட்ஸ் அதே சோமர்செட் ஊர்க்காரர். மெக்மில்லினின் அந்த ஓட்டத்துக்கு முன்னால் தடுப்பாளராக வழி திறந்தவரும் அவர்தான். உள்ளூர்ப் பையன் இல்லாமல் வெளியூர் நட்சத்திரம் கோட்டைத் தாண்டியிருக்க முடியாது.

தோல்தொப்பி
இரண்டு பேரும் விதிகளை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். 1921இல் சின்ன அணி பெரிய அணியை ஏன் ஓரளவு ஈடுகொடுக்க முடிந்தது என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது.

அன்றைய விதிப்படி, வெளியேறிய ஆட்டக்காரர் அதே கால்பகுதியில் திரும்ப வரக் கூடாது. அதனால் தாக்குதலுக்கு ஒரு கூட்டம், தடுப்புக்கு ஒரு கூட்டம் என்று ஆள் மாற்றி ஆட வழியே இல்லை. பதினொரு பேரும் இரண்டையும் ஆட வேண்டும். பெஞ்சில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தாலும் பெரிய கல்லூரிக்கு அதன் பலன் பாதிதான். பயிற்சியாளர் ஓரத்திலிருந்து யோசனை சொல்வதும் தடை. எந்த ஆட்டம், எப்போது பன்ட் (பந்தை எதிரணிப் பக்கம் தூர உதைத்துக் கொடுத்துவிடுவது) என்று முடிவெடுப்பவர் களத்திலிருக்கும் குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்துபவர்). மெக்மில்லினின் மதிப்பு அவர் காலில் மட்டும் இல்லை, அந்த முடிவுகளிலும் இருக்கிறது.

பந்து இன்றையதைவிடக் குண்டு. குறுக்குச் சுற்றளவு 23 அங்குலத்தை ஒட்டி, இன்று 21ஐ ஒட்டி. ஒரு கையில் இறுக்கிப் பிடித்துச் சுழற்றி வீசுவது கடினம். எறிபவர், ஆட்டம் தொடங்கும் கோட்டுக்கு 5 யார்டு பின்னால் நின்றே எறிய வேண்டும். எதிரணி எண்ட் ஸோனில் (கோல் கோட்டுக்கு அப்பாலுள்ள பகுதி) பாஸ் (முன்னோக்கி எறியும் பந்து) பிடிபடாமல் விழுந்தால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஆகவே கோல் கோட்டை நெருங்க நெருங்க பாஸ் ஆபத்தான ஆயுதம். ஹேஷ் கோடுகளும் (ஓரத்தில் நின்ற பந்தை உள்ளே கொண்டுவந்து வைக்கும் குறிகள்) கிடையாது. ஓரக்கோட்டருகே களத்துக்குள் பந்து நின்றால் அடுத்த ஆட்டம் அங்கிருந்தேதான். நடுவுக்குக் கொண்டுவரவே ஒரு டவுன் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் ஒன்று) வீணாகும். மூன்றாவது டவுனிலேயே பன்ட் அடித்து இடத்தைப் பிடித்துக்கொள்வது புத்திசாலித்தனமாகக் கருதப்பட்டதற்குக் காரணம் இதெல்லாம். இப்படிப்பட்ட ஆட்டத்தில் ஒரே ஒரு நீண்ட ஓட்டம் முடிவைத் தீர்மானிப்பதில் வியப்பில்லை.

ஐந்துகெஜம்
விளக்கத்துக்கு நன்றி. ஆனால் இது என் வாதத்துக்குத்தான் பலம்: ஒரு ஓட்டம் போதும் என்றால் ஒரு ஆட்டத்தை வைத்து அணியை எடைபோட முடியாது. ஹார்வர்டின் அந்த மாதத்தைப் பாருங்கள். ஜார்ஜியாவை 10-7 என்று தட்டுத்தடுமாறி வென்றது. முந்தைய சனிக்கிழமை பென் ஸ்டேட்டுடன் 21-21. அடுத்த வாரம் பிரின்ஸ்டனிடம் 3-10 தோல்வி. 1920 புத்தாண்டில் ரோஸ் பௌல் போட்டியில் ஓரிகனை வென்ற ஹார்வர்ட் இது இல்லை.

நாலாவது_டவுன்
அதே ஹார்வர்ட் சீசன் முடிவில் யேலை 10-3 என்று வென்றதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? சென்டருக்கும் இது ஒரு நாள் கூத்து இல்லை. 1920இல் அதே மைதானத்தில் இடைவேளையில் 14-14 என்று நின்று, பிறகு 14-31 என்று தோற்றது. ஓராண்டு கழித்துத் திரும்பி வந்து ஒரு புள்ளியும் விடவில்லை. 1921 வழக்கமான சீசனில் ஒன்பது ஆட்டங்கள், அடித்தது 282, விட்டது 6. அந்த ஆறும் செயின்ட் ஸேவியர் எடுத்தது. கிளெம்சன் 14-0, ஆபர்ன் 21-0, டுலேன் 21-0, கென்டக்கி 55-0.

ஐந்துகெஜம்
282இல் 98 டிரான்சில்வேனியா என்ற ஒரே கல்லூரியிடம் எடுத்தது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அதைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

தோல்தொப்பி
கழித்தாலும் எட்டு ஆட்டத்தில் 184-6, சராசரி 23. தடுப்பாட்டத்தின் கணக்கு துளியும் மாறாது. சென்டரின் உண்மையான பலவீனம் வேறு இடத்தில் தெரிகிறது. டிசம்பர் 26 அன்று சான் டியகோவில் அரிசோனாவை 38-0 என்று வென்றார்கள். ஒரே வாரத்தில், ரயிலில் டெக்சஸ் திரும்பி, ஜனவரி 2 அன்று டல்லஸில் ஏ அண்ட் எம் அணியோடு ஆடி 14-22 என்று தோற்றார்கள். முன்வரிசை ஆட்கள் இருபுறமும் முழுநேரம் ஆடும் காலத்தில், அக்டோபர் தொடக்கம் முதல் ஆடி வரும் அணிக்கு அந்த ஒரு வாரப் பயணம் கொடுமையானது. மெக்மில்லின் அன்று காலையில்தான் கல்யாணம் செய்துகொண்டார், தோல்விக்கு அதுதான் காரணம் என்று எழுதுபவர்கள் இந்தப் பயணத்தைக் கவனிப்பதே இல்லை.

ஐந்துகெஜம்
ஏ அண்ட் எம் மட்டும் முழு பலத்தோடா இருந்தது? காயங்களால் ஆள் தீர்ந்து, பார்வையாளர் வரிசையிலிருந்த கிங் கில் என்ற மாணவரை இறக்கி, காயம்பட்டவரின் சீருடையை மாட்டித் தயாராக நிற்கவைத்தார்கள். ஏ அண்ட் எம்மின் "பன்னிரண்டாவது ஆள்" மரபே (பார்வையாளரும் தேவைப்பட்டால் இறங்கத் தயார் என்பது) அந்த நாளிலிருந்துதான். மோரன் முன்பு பயிற்றுவித்த கல்லூரி, கடைசி ஆள்வரை போய், சென்டரிடம் 22 புள்ளி எடுத்தது. ஒன்பது ஆட்டத்தில் 6 மட்டுமே விட்ட தடுப்பு இது. டானா பைபிள் பயிற்றுவித்த அந்த ஏ அண்ட் எம் அணியைப் பயணக் களைப்பின் பெயரால் சிறுமைப்படுத்தாதீர்கள்.

நாலாவது_டவுன்
சிறுமைப்படுத்தவில்லை, அன்று ஏ அண்ட் எம் மேலான அணி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜனவரித் தோல்வி அக்டோபர் வெற்றியை அளக்கும் கோல் ஆகாது. ஹார்வர்ட் மைதானத்தில் 60 நிமிடம் எதிராளியைக் கோட்டைத் தாண்ட விடாமல் நிறுத்தியதற்கு ஃபோர்ட் வொர்த்திலிருந்து வந்த சிலர் மட்டும் போதுமென்றால், மீதி இடங்களில் நின்றவர்கள் யார் என்று சொல்லுங்கள்.