அக்கி வந்து ஏழு மாதம் ஆகியும் வலி போகவில்லை, இப்போது மூன்றாவது மருந்து. யாருக்காவது இப்படி இருந்ததா?

யீஷூன்_மல்லி:
எனக்கு 54 வயது, சிங்கப்பூரில் இருக்கிறேன். ஏழு மாதத்துக்கு முன் இடது விலாவில் அக்கி வந்தது. பூச்சிக்கடி என்று நினைத்து நாலாவது நாள்தான் பாலிகிளினிக் என்கிற அரசு கிளினிக்குக்குப் போனேன், வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியிருந்தால் நல்லது என்பது அப்புறம்தான் தெரிந்தது. கொப்புளம் காய்ந்து தழும்பும் மங்கிவிட்டது, வலி மட்டும் இருக்கிறது. சும்மா இருந்தால் எரிச்சல், ரவிக்கை உரசினால் தீக்குச்சி கிழித்த மாதிரி சுரீர் என்று இழுக்கும். இறுக்கி அழுத்தினால் தாங்குகிறது, காற்று பட்டால் தாங்கவில்லை. அதனால் ராத்திரி ஒரு துண்டை விலாவைச் சுற்றிக் கட்டிக்கொண்டுதான் படுக்கிறேன்.

பனடால் மாதிரி சாதாரண வலி மாத்திரை தொடக்கூட இல்லை. நரம்பு வலிக்கான காபாபென்டின் 300 மில்லிகிராம் மூன்று வேளை கொடுத்தார்கள், வலி கொஞ்சம் அடங்கியது, ஆனால் ஒரே மயக்கம், வேலை முடிந்து எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்தவள் யீஷூனில் இறங்காமல் செம்பவாங் வரை தூங்கிப் போயிருக்கிறேன். அடுத்தது இரவில் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம். வாயெல்லாம் வறண்டுபோனது, உள்ளே இருந்த தாளில் மனச்சோர்வுக்கான மருந்து என்று போட்டிருந்ததைப் பார்த்துப் பயந்து பத்து நாளில் நானே நிறுத்திவிட்டேன். இப்போது பிரிகாபலின் என்கிறார்கள். வீட்டுக்காரர் எல்லாவற்றையும் விட்டுவிடு என்கிறார். மாமியார், அன்றைக்கே ஊரில் குயவர் வீட்டில் காவி குழைத்து அக்கி எழுதியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்கிறார். இப்படி மருந்து மாற்றி மாற்றிப் பார்த்து யாருக்காவது ஏதாவது ஒத்துப்போனதா?

தோபாயோ_பாட்டி:
மல்லி, எனக்கு முதுகிலும் மார்பிலும் வந்தது, இப்போது 66 ஆகிறது. நீ சொல்லும் அந்தச் சுரீர் எனக்குத் தெரியும் அம்மா. நான் நாலு மருந்து பார்த்தேன். முதல் இரண்டையும் நான் ஒழுங்காகவே பார்க்கவில்லை என்பதுதான் உண்மை.

அமிட்ரிப்டிலினுக்குப் பத்து நாள் போதாது. வலிக்குக் கேட்க சில வாரம் பிடிக்கும், வாய் வறட்சியும் தூக்கமும் முதல் நாளே வந்துவிடும், அதனால் கெட்டது முன்னால் வருகிறது, நல்லது பின்னால் வருகிறது. மனச்சோர்வுக்குக் கொடுப்பது இதைவிடப் பல மடங்கு. இந்தச் சின்ன அளவு நரம்பு அனுப்பும் வலியை அமர்த்தத்தான். எனக்கும் அது ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் டாக்டரிடம் சொன்னபோது அதே வகையில் நார்ட்ரிப்டிலின் கொடுத்தார், வறட்சி குறைவாக இருந்தது, ராத்திரி படுக்கும் நேரத்துக்குப் பதில் ஏழு மணிக்கே போடச் சொன்னார், காலையில் தலை தெளிவாக இருந்தது. கூடவே தோலை மரத்துப்போகச் செய்யும் லிடோகெயின் ஒட்டும் பட்டை, 12 மணி நேரம் ஒட்டி 12 மணி நேரம் எடுத்துவிட வேண்டும். வலி முழுசாகப் போகவில்லை. ஆனால் பேத்தியைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொள்கிறேன், ஒரு வருடமாக அது முடியவில்லை.

ஒரு சின்ன நோட்டில் தேதி, அளவு, எத்தனை மணிக்கு விழித்தேன் என்று எழுதிக் கொண்டுபோ. "வலி எப்படி இருக்கிறது" என்று கேட்டால் அந்த நேரத்தில் நமக்கு ஒன்றும் வாயில் வராது.

அக்கி எழுதுவதை எங்கள் அம்மாவும் செய்துவிட்டார்கள், மாமியாரோடு சண்டை போடாதே. அவருக்கு 60 தாண்டியிருக்கும், சிங்கப்பூர்க் குடிமகளாக இருந்தால் அக்கி வராமல் தடுக்கும் ஷிங்ரிக்ஸ் தடுப்பூசிக்கு 2025 செப்டம்பரில் இருந்து மானியம் இருக்கிறது, இரண்டு ஊசி, விசாரித்துப் போட்டுவிடு.

அங்மோகியோ_குமார்:
அக்கா, பிரிகாபலின் தொடங்குமுன் ஒன்றே ஒன்று: உங்கள் சிறுநீரக ரத்தப் பரிசோதனை எப்போது எடுத்தது? அப்பாவுக்கு நீரிழிவு, பாதத்தில் நரம்பு வலி. ஒரு தனியார் கிளினிக்கில் பிரிகாபலினை வழக்கமான அளவே கொடுத்தார்கள், அப்பாவின் சிறுநீரகம் பலவீனம் என்று அவர்களிடம் நாங்கள் சொல்லவில்லை. நாலு நாளில் கணுக்கால் வீங்கி, கழிப்பறைக்குப் போகும்போது தள்ளாடிச் சுவரைப் பிடித்தார். காபாபென்டினும் பிரிகாபலினும் ஒரே குடும்பம், இரண்டும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும், அங்கே தடை இருந்தால் உடம்பிலேயே தேங்கும். அளவைக் குறைத்த பிறகு அப்பாவுக்கு அதே மருந்து நன்றாகக் கேட்கிறது. அதனால் காபாபென்டினில் மயங்கினீர்கள் என்றால் மருந்தே ஆகாது என்று இல்லை, அளவு அதிகமாகவோ வேகமாகவோ ஏறியிருக்கலாம். அப்புறம், இவற்றைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான். டிராமடால் என்கிற கடுமையான வலி மாத்திரை கொடுத்தால், அமிட்ரிப்டிலின் மாதிரி மாத்திரை வீட்டில் இருப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள், இரண்டும் சேரக் கூடாத சமயம் உண்டு.

யீஷூன்_மல்லி:
பாட்டி, குமார், படித்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன். பத்து நாளில் நிறுத்தியதை நான் டாக்டரிடம் சொல்லவே இல்லை, ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் சொன்னேன். வியாழக்கிழமை சொல்கிறேன், கிட்னி ரிப்போர்ட்டும் கேட்கிறேன். பாட்டி, அந்தப் பட்டை ரவிக்கைக்குள் மடியாதா?

தோபாயோ_பாட்டி:
மடியும். பின்தாளை உரிப்பதற்கு முன்னாலேயே கத்தரிக்கோலால் அளவாக வெட்டிக்கொள், அப்புறம் ஒட்டு. கையை நன்றாகக் கழுவு, கண்ணில் படக்கூடாது.