பத்து வயதுப் பிள்ளையின் அவசரத்துக்கு மூளை ஸ்கேன் தேவையா?

வெள்ளவத்தைத் தாய்:
என் மகன் தரம் 5இல் படிக்கிறான். புலமைப்பரிசில் பரீட்சைக்குச் சில மாதங்களே உள்ளன. கணக்கு நன்றாக வரும்; ஆனால் வினாவை வாசித்து முடிக்குமுன்னரே விடை எழுதத் தொடங்கிவிடுகிறான். மூன்று வேலைகளைச் சேர்த்துச் சொன்னால் மூன்றாவதை மறந்துவிடுகிறான். எம்.ஆர்.ஐ. எடுத்தால் மூளையின் இணைப்புகள் பலவீனமா என்று தெரிந்துவிடும், கணினிப் பயிற்சியால் அதைத் திருத்தலாம் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். இது சரிதானா?

நரம்பியல் மாணவன்:
சகோதரி, எழுதத் துடிக்கும் கையை நிறுத்திவைப்பதும், சொன்னவற்றை மனத்தில் தாங்கி நிற்பதும் நிறைவேற்றுத் தொழிற்பாடுகள் எனப்படும், நம் செயலைக் கட்டுப்படுத்தும் மூளைத்திறன்களின் முக்கியமான கூறுகள். நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதி இவற்றைத் தனித்துச் செய்வதில்லை. உச்சிப்புறத்தின் பின்பகுதிகளோடு நீண்ட நரம்பிழைகளால் இணைந்தே செய்கிறது. அந்த இழைகளை மயலின் என்னும் கொழுப்பு உறை மூடிச் செய்தியின் வேகத்தைக் கூட்டுவதும், அதிகம் பயன்படாத நரம்பிணைப்புகள் கழிந்துபோவதும் இருபதுகளின் நடுப்பகுதி வரை நீடிக்கின்றன. நெற்றிப்பகுதி மிகப் பிந்தியே முதிர்கிறது. ஆகவே பத்து வயதில் இந்த அவசரம் பெரும்பாலும் வயதுக்குரியதே.

ஸ்கேனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பிள்ளை சும்மா படுத்திருக்கையில் இரு பகுதிகளின் இரத்த ஒட்சிசன் மட்டம் ஒத்து ஏறி இறங்குகிறதா என்று பார்த்தே இணைப்பைக் கணிக்கிறார்கள். ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த தலையசைவுகூட நெடுந்தூர இணைப்புகளைப் பலவீனமாகவும் அருகிலுள்ளவற்றை வலுவாகவும் காட்டிவிடும் என்பது 2012இல் தெளிவானது. பெரியவர்களைவிடப் பிள்ளைகள் அதிகம் அசைபவர்கள் என்பதால், வளர்ச்சி பற்றிய முந்தைய முடிவுகள் சிலவற்றையே மீளாய்வு செய்ய நேர்ந்தது. மூளை இணைப்புக்கும் நடத்தைக்கும் உள்ள தொடர்பு சிறியது என்றும், அதை நம்பகமாகக் காண ஆயிரக்கணக்கானோர் தேவை என்றும் 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. அமெரிக்காவில் ஒன்பது, பத்து வயதில் சேர்க்கப்பட்ட ஏறத்தாழ 11,800 பிள்ளைகளைத் தொடரும் ஆய்வின் தரவும் அதில் பயன்பட்டது. தனியொரு பிள்ளையின் படத்தை வைத்து அவனது கவனத்துக்குத் தீர்ப்புக் கூற முடியாது. கணினிப் பயிற்சியால் அந்தப் பயிற்சி விளையாட்டில் திறன் கூடும். அது படிப்புக்கு வந்து சேர்வது அரிது.

கொட்டாஞ்சேனை ஆசிரியை:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் வயதின் மேல் போட்டுவிடவும் கூடாது. வீட்டிலும் பாடசாலையிலும் ஆறு மாதங்களுக்கு மேலாக இதே சிரமம் இருந்து, அவனது படிப்பையோ நட்பையோ பாதித்தால் சிறுவர் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் ஸ்கேன் கேட்கமாட்டார்; உங்களிடமும் வகுப்பாசிரியரிடமும் விவரம் கேட்பார். இதற்கிடையில் வேலைகளை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், அல்லது தாளில் எழுதிக் கொடுங்கள். வினாவில் கேட்கப்பட்டதன் கீழ் கோடிட்ட பின்னரே விடை எழுதப் பழக்குங்கள். பிள்ளை எத்தனை மணிநேரம் உறங்குகிறான்?

வெள்ளவத்தைத் தாய்:
இரவு பத்தரைக்குப் படுக்கிறான். படிப்பதற்காக நானே நாலரைக்கு எழுப்புகிறேன்.

கொட்டாஞ்சேனை ஆசிரியை:
ஆறு மணிநேரம்தான் ஆகிறது, அம்மா. அவன் வயதுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணிநேரம் வேண்டும். உறக்கம் குறைந்தால் இந்தத் திறன்களும் தளரும். நாளைக் காலை அவனை எழுப்பாதீர்கள்.