மருந்து விட்டும் தெள்ளுப்பூச்சி திரும்ப வருது

கேள்வி (காட்பாடி): வீட்டில் நாய் ஒன்று, பூனை ஒன்று. நாய்க்குச் சொட்டு மருந்து விட்டும் இரண்டு வாரத்தில் மறுபடி தெள்ளுப்பூச்சி. கணுக்காலெல்லாம் கடி. என்ன செய்யலாம்?

பதில் (சத்துவாச்சாரி): மருந்து தோற்கலைங்க. நாய்மேல் இருப்பது சிறு பங்குதான். முட்டையும் புழுவும் பாய், சோபா இடுக்கு, தரை வெடிப்பில் கிடக்கும். கூட்டுப்புழுவை மருந்து அண்டாது. வாரக்கணக்கில் கழித்துக்கூட வெளிவரும். ஃபிப்ரோனில் சொட்டு மருந்தை இரண்டுக்கும் ஒரே நாளில், மாதம் ஒருமுறை, குறைந்தது 3 மாதம் விடுங்க. பிடரியில் முடியை விலக்கித் தோலில் படணும். முடிமேல் விட்டால் வீண்.

பதில் (குடியாத்தம்): பூனைக்குத் தனி மருந்துங்க! நாய்க்கானதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனைக்கு வலிப்பு வரும், உயிரே போகலாம்.

பதில் (ராணிப்பேட்டை): விரிப்புகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைங்க. வேக்குவம் தினமும் போடுங்க, அந்த அதிர்வுக்கே கூட்டுப்புழு வெளிவரும். குப்பையை உடனே கவரில் கட்டி வெளியே போட்டுடணும்.