சிங்தாவ் கடலடித் தந்தி: ஜப்பானுக்குக் கொடுத்தது நியாயம்தானா?

கடலோடி:
1898 மார்ச்சில் ஜெர்மனி சீனாவிடம் ஜியாவ்ஜோ விரிகுடாவை 99 வருடக் குத்தகைக்கு எடுத்தது. 1900 வாக்கில் அந்த விரிகுடாக் கரையில் உள்ள சிங்தாவிலிருந்து ஷாங்காய்க்கு ஒன்று, செஃபூவுக்கு (இன்றைய யாண்டாய்) ஒன்று என இரண்டு கடலடித் தந்திக் கேபிள்கள் போட்டது. 1914 நவம்பரில் ஜப்பான் சிங்தாவைப் பிடித்தது. 1919ல், முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியோடு போட்ட வெர்சாய் ஒப்பந்தத்தின் 156வது பிரிவு அந்தக் கேபிள்களையும் ஜப்பானுக்கே எழுதிக் கொடுத்தது. எல்லாரும் இதை அநியாயம் என்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது ஜெர்மன் அரசின் சொத்து. தோற்ற அரசின் சொத்து ஜெயித்தவனுக்குப் போகும். தனியார் கம்பெனி கேபிள் என்றால் வேறு கதை.

பத்திர எழுத்தர்:
கம்பி ஜெர்மனியுடையதாகவே இருக்கட்டும் சார். அது கரையேறும் இடம் யாருடையது? வேறு எந்த நாட்டுக்கும் உள்குத்தகைக்கு விடமாட்டேன் என்று குத்தகை ஒப்பந்தத்தின் 5வது பிரிவில் ஜெர்மனி எழுதிக் கொடுத்திருக்கிறது. எங்கள் ஊரில் குத்தகைக்காரர் தோட்டத்தில் பம்புசெட் போட்டால் பம்புசெட் அவருடையதுதான். அதற்காகத் தோட்டத்தை அவர் இன்னொருவருக்குக் கைமாற்ற முடியுமா? அப்புறம், ஷாங்காயும் செஃபூவும் குத்தகை நிலத்திலேயே இல்லையே!

கடலோடி:
ஜெர்மனி எங்கே உள்குத்தகைக்கு விட்டது? அதனிடமிருந்து பிடுங்கினார்கள். ஷாண்டோங்கில் (சிங்தாவ் இருக்கும் மாகாணம்) ஜெர்மனிக்கு இருந்த உரிமைகள் பற்றி ஜப்பானும் ஜெர்மனியும் என்ன முடிவு செய்தாலும் சம்மதம் என்று 1915 மே 25ல் சீனாவே கையெழுத்துப் போட்டிருக்கிறது. அந்தப் பத்திரத்தையும் கொஞ்சம் படியுங்கள்.

பத்திர எழுத்தர்:
மே 7ல் ஜப்பான் இறுதி எச்சரிக்கை விட்டு, மிரட்டி வாங்கிய கைநாட்டு அது. 1917 ஆகஸ்டில் சீனா ஜெர்மனி மீது போர் அறிவித்தபோது பழைய ஒப்பந்தங்கள் ரத்து என்றும் சொல்லிவிட்டது. 1919ல் கைமாற்ற என்ன மிச்சம் இருந்தது?

கடலோடி:
சரி, மிரட்டி வாங்கியது செல்லாது என்றே வைப்போம். 1898 குத்தகை மட்டும் எப்படி வந்தது? 1897 நவம்பரில் இரண்டு ஜெர்மன் பாதிரியார்கள் கொல்லப்பட்டதைச் சாக்காக வைத்துக் கப்பற்படையை இறக்கி வாங்கியதுதானே. அதுவும் செல்லாது என்றால் உங்கள் 5வது பிரிவும் போச்சு.

நிலாமுற்றம்:
நடுவில் ஒரு சந்தேகம். இரண்டு கம்பிக்கு ஏன் இவ்வளவு சண்டை?

பத்திர எழுத்தர்:
ஜப்பான் அந்தக் கேபிள்களின் சில பகுதிகளை எடுத்து சிங்தாவ்–சாசெபோ தடத்துக்குப் பயன்படுத்தியது. சாசெபோ ஜப்பானின் கடற்படைத் தளம். ஷாண்டோங் செய்தி நேராக அங்கே போய் இறங்கும் என்றால் சீனா சும்மா இருக்குமா?

கடலோடி, 5வது பிரிவு பற்றி நீங்கள் சொன்னது சரியான அடிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1922 பிப்ரவரி 4ல் வாஷிங்டனில் சீனாவும் ஜப்பானும் கையெழுத்துப் போட்ட ஷாண்டோங் ஒப்பந்தத்தைப் பாருங்கள். சாசெபோ தடத்துக்கு எடுத்த துண்டுகள் தவிர மற்ற உரிமை எல்லாம் சீனாவுக்கே என்று ஜப்பானே அறிவித்தது. சாசெபோ கேபிள் சிங்தாவில் கரையேறுவதைக் கூட்டுக் குழு பேசி முடிவு செய்யும் என்றார்கள். முழு உரிமை இருந்தவர்கள் எதற்குச் சீனாவோடு உட்கார்ந்து பேச வேண்டும்?

கடலோடி:
வல்லரசுகளின் நெருக்கடி, வேறென்ன. சிங்தாவ், ஜினான் (ஷாண்டோங்கின் தலைநகர்) வயர்லெஸ் நிலையங்களை ஜப்பான் சும்மா கொடுக்கவில்லையே, ஈடு கேட்டுத்தான் கொடுக்கச் சம்மதித்தது. தன் சொத்து என்று நினைப்பவன்தான் விலை கேட்பான்.

பத்திர எழுத்தர்:
நிலையத்துக்குக் கேட்டது சரி. கேபிளுக்கு அதே ஒப்பந்தத்தில் விலை எங்கே இருக்கிறது, காட்டுங்கள்.