எங்க வீட்டு வாட்ஸ்அப் குழுவில் ஒரு யானை கேக்

நித்தி அக்கா எடிசன்: 📷 போட்டோ

நித்தி அக்கா எடிசன்: சனிக்கிழமை குட்டிக்கு பர்த்டே, யானை கேக்தான் வேணும்னு ஒரே அடம். உடம்பும் தலையும் அமுக்கி வெச்சாச்சு, தும்பிக்கை காது வால் பாக்கி

கோவை அத்தை: ஏங் கண்ணு இது நம்ம கார்த்திகைப் பொரி உருண்டை தானே. இத்தாச்சோடு எதுக்கு புடிச்சு வெச்சிருக்கறே

நித்தி அக்கா எடிசன்: கிட்டத்தட்ட அதேதான் அத்தை 😄 பொரிக்கு பதிலா ரைஸ் கிரிஸ்பீஸ், வெல்லப்பாகுக்கு பதிலா மார்ஷ்மெல்லோ உருக்கி ஊத்தி கிளர்றது. இங்க அமெரிக்கால எந்த ஸ்கூல்ல பேக் சேல்னு வீட்ல செஞ்ச பலகாரம் வித்து காசு சேத்தாலும் இது ஒரு தட்டு இருக்கும்

பாபு சித்தப்பா: அமெரிக்காக்காரன் நம்ம பொரி உருண்டையையும் சுட்டுட்டானா

நித்தி அக்கா எடிசன்: இல்ல சித்தப்பா இதுக்கு தனிக் கதை இருக்கு. 1939ல மிச்சிகன்ல பேட்டில் க்ரீக்னு ஒரு ஊர், இந்த கிரிஸ்பீஸ் பண்ற கெல்லாக்ஸ் கம்பெனி அங்கதான் இருந்துச்சு, அவங்க கிச்சன்ல வேலை பாத்த மில்ட்ரெட் டே, மலிட்டா ஜென்சன்னு ரெண்டு லேடீஸ், கேம்ப் ஃபயர் கேர்ள்ஸ்னு பொம்பளப் பிள்ளைங்க அமைப்பு, அவங்க வித்து காசு சேக்கறதுக்காக பண்ணிக் குடுத்தது. அப்புறம் டப்பா மேலயே ரெசிபிய அச்சடிச்சுட்டாங்க

நான்: அக்கா கேக்கையே யானையா செதுக்கிட வேண்டியதுதானே எதுக்கு இந்த ரெட்டை வேலை

நித்தி அக்கா எடிசன்: உடம்பு வேணா செதுக்கலாம்டி, தும்பிக்கை நிக்காது. கேக் உதிரும், அதுமேல ஃபாண்டன்ட், அதான் மேல போர்த்தற சர்க்கரை மாவு, அதோட கனம் ஏறுனா அப்படியே உக்காந்துரும். கேக்க ரொம்ப முன்னாடியும் செய்ய முடியாது. இது அப்படி இல்ல, புதன்கிழமையே செஞ்சு வெளிய மூடி வெச்சுட்டா சனிக்கிழமை வரைக்கும் கல்லு மாதிரி இருக்கும். டிவில கேக் போட்டி வைக்கறாங்களே, டிராகன் டைனோசர்னு ஆளு ஒசரம் நிக்குமே, அதுல நீட்டிக்கிட்டு இருக்கறது பாதி இந்தச் சமாச்சாரம்தான்

கோவை அத்தை: அதென்ன வெல்லப்பாகு ஊத்துனா ஆறறதுக்குள்ள புடிக்கோணும், கொஞ்சம் அசந்தா உதிரி உதிரியா போயிரும். நீ எப்படி ஆற அமர யானை புடிக்கறே

நித்தி அக்கா எடிசன்: அங்கதான் வித்தியாசம் அத்தை. பாகு ஆறுனா கெட்டியாகி உடையும். மார்ஷ்மெல்லோல ஜெலட்டின் இருக்கு, அது ஆறுனாலும் ரப்பர் மாதிரி வளைஞ்சு குடுக்கும், அதனால திருத்த நேரம் கிடைக்கும். இறுகிட்டாலும் பரவால்ல மைக்ரோவேவ்ல சில செகண்ட் வெச்சா திரும்ப இளகிடும்

பெரியம்மா: ஜெலட்டின்னா அது மாமிசம் இல்லையாடி. உங்க மாமியார் மாமனார் வேற அங்க வந்திருக்காங்க

நித்தி அக்கா எடிசன்: ஆமா பெரியம்மா, இங்க சாதாரண பாக்கெட்ல பெரும்பாலும் பன்னி ஜெலட்டின்தான். அதனாலதான் டான்டீஸ்னு ஒரு வீகன் மார்ஷ்மெல்லோ வாங்கினேன், அதுல ஜெலட்டினே கிடையாது, கடல்பாசில இருந்து எடுக்கற கேராஜீனன் போட்டிருக்கான். சாதாரணத விட உருக கொஞ்சம் நேரம் எடுக்கும், பொறுமையா சிம்ல வெச்சு கிண்டணும், ஆனா பிடிப்பு வருது. மாமியார் டப்பாவ வாங்கி கண்ணாடி போட்டு முழுக்க படிச்சுட்டுத்தான் ஓகே சொன்னாங்க

பெரியம்மா: 👍🙏

நான்: அளவு சொல்லுக்கா. இங்க ஒருத்தங்க பிள்ளையார் கேக் கேட்டிருக்காங்க எனக்கும் அதே தும்பிக்கைப் பிரச்சனை

நித்தி அக்கா எடிசன்: டப்பால இருக்கறது 3 டேபிள்ஸ்பூன் வெண்ணெய், 283 கிராம் மார்ஷ்மெல்லோ, 6 கப் கிரிஸ்பீஸ். அது சாப்பிடறதுக்கு. பொம்மை பண்ணனும்னா அப்படியே போடாத, வெண்ணெய் ஜாஸ்தியா இருந்தா வழுவழுன்னு இறுகாம கிடக்கும், நான் ஒரே ஒரு ஸ்பூன்தான் போட்டேன் பாத்திரத்துல ஒட்டாம இருக்கறதுக்கு. அடுப்பு சிம்ல இருக்கணும், தீ ஏத்துனா பின்னாடி பல்லு உடையும் அவ்ளோ கெட்டியாகிடும். கிரிஸ்பீஸ கையால லேசா நொறுக்கிக்கோ, உடம்புக்கு அரைகுறையா போதும், தும்பிக்கை காதுக்கெல்லாம் நல்லா பொடி மாதிரி, இல்லன்னா மெல்லிசா இருக்கற எடத்துல பெரிய பருக்கை துருத்திட்டு நிக்கும். கலந்து கை பொறுக்கற சூடு வந்ததும் கையில எண்ணெய் தொட்டுக்கிட்டு அமுக்கு அமுக்கு அமுக்கு, சப்பாத்தி மாவு பிசையற பலம் போதாது, உள்ள காத்து இருந்துச்சுன்னா பின்னாடி கத்தி வெச்சு செதுக்கறப்ப பொலபொலன்னு வரும்

கோவை அத்தை: எண்ணெய் எதுக்கு, அரிசி மாவு தொட்டுக்கோ. நானெல்லாம் அப்படித்தான்

நித்தி அக்கா எடிசன்: உருண்டைன்னா சரி அத்தை. இதுல ஒவ்வொரு துண்டா ஒட்டணுமே, நடுவுல மாவு இருந்தா ஒட்டாது

பாபு சித்தப்பா: தும்பிக்கை தூக்கின மாதிரியா தொங்கின மாதிரியா? தூக்கி இருந்தாத்தான் விசேஷம்

நித்தி அக்கா எடிசன்: தூக்கித்தான் சித்தப்பா, அதான் பாடே. உள்ள கம்பி விட்டு வளைக்கணும், கம்பிய அப்படியே சொருகக்கூடாது, ஸ்ட்ராக்குள்ள விட்டுட்டு அதைச் சுத்தி அமுக்கிட்டு வரேன், கம்பியோட மறுநுனி தலை வழியா உடம்புக்குள்ள ஆழமா இறங்கணும். வெட்டறப்ப மறக்காம உருவி எடுக்கணும், குழந்தைங்க கடிச்சுடப் போகுது

நான்: இந்த மேடு பள்ளம் எல்லாம் ஃபாண்டன்ட் மேல தெரியாதா

நித்தி அக்கா எடிசன்: அப்படியே போர்த்துனா அம்மை போட்ட மூஞ்சிதான். உருக்கின வெள்ளை சாக்லேட்ட மெல்லிசா பூசி குழிய அடைச்சு, இறுகினதும் கத்தியால தேச்சு விட்டு, அதுக்கப்புறம்தான் ஃபாண்டன்ட். சிலர் பட்டர்க்ரீம் தடவறாங்க எனக்கு அது பிடிக்கல, ஈரம் உள்ள இறங்கி கிரிஸ்பீஸ் நமத்துப் போகும், சாக்லேட்டுன்னா சீல் வெச்ச மாதிரி. அப்புறம் சாம்பல் கலர் இன்னிக்கு பிசைஞ்சா நாளைக்கு ஒரு ஷேட் ஏறி நிக்கும், கறுப்பு ஜெல் துளிதான் போடணும்

நித்தி அக்கா எடிசன்: முக்கியமானத விட்டுட்டேன். கேக் மேல யானைய நேரா வெக்காத, கனத்துக்கு உள்ள போயிரும். யானைக்கு கீழ ஒரு கேக் அட்டை, அந்த அட்டைய தாங்கறதுக்கு கேக்குக்குள்ள அதே ஒசரத்துக்கு வெட்டின தடிமன் ஸ்ட்ரா. கனம் பூரா ஸ்ட்ரா வழியா கீழ இருக்கற பலகைக்குப் போயிடும்

நான்: இங்க கிரிஸ்பீஸ் விலைய பாத்தா தலை சுத்துது. கடைப் பொரியில பண்ணலாமா

கோவை அத்தை: பண்ணலாம் அம்மிணி, ஆனா கடையில வாங்கற பொரி நமத்து இருக்கும். வெறும் வாணலியில போட்டு வறுத்து, விரல்ல வெச்சு அழுத்துனா மொறுக்குனு பொடியோணும், அப்பத்தான் இறக்கோணும். உப்புப் பொரி வாங்கிராத

நித்தி அக்கா எடிசன்: அத்தை சொல்றது கரெக்ட். பொரி பெரிசா உள்ள காத்தா இருக்கும், மிக்ஸில ஒரு சுத்து விட்டுக்கோ. மார்ஷ்மெல்லோ பாக்கெட்ல பச்சைப் புள்ளி பாத்து வாங்கு, பிள்ளையாருக்கு வேற. மெட்ராஸ் புழுக்கத்துக்கு ஃபாண்டன்ட் வேர்க்கும், அதுக்காக ஃப்ரிட்ஜ்ல வெச்சுடாத, வெளிய எடுத்ததும் தண்ணி கோத்துக்கும். ஏசி ரூம்ல அட்டைப் பெட்டிக்குள்ள வை

பாபு சித்தப்பா: எல்லாம் சரி இந்த யானைய யாரு திங்கறது

நித்தி அக்கா எடிசன்: யாரும் ஆசையா திங்க மாட்டாங்க சித்தப்பா, அந்த அழுத்து அழுத்துனா மெல்லவே முடியாது. கீழ இருக்கற சாக்லேட் கேக்தான் சாப்பிட, யானை போட்டோவுக்கு

கோவை அத்தை: அரிசியப் போட்டு இப்படி வீணாக்கறதா 😒

நித்தி அக்கா எடிசன்: 📷 போட்டோ

நித்தி அக்கா எடிசன்: காது வெச்சாச்சு

கோவை அத்தை: இது நம்மூரு யானை இல்ல கண்ணு. காது இவ்ளோ அகலம்னா ஆப்பிரிக்கா யானை. டாப்ஸ்லிப்ல பாத்ததில்லையா, நம்முதுக்கு காது சின்னது, உச்சந்தலையில ரெண்டு மேடு இருக்கும் நடுவுல பள்ளம்

நான்: அத்தை 🔥🔥

நித்தி அக்கா எடிசன்: ஐயோ ஆமால்ல. இருங்க காத ஓரத்துல செதுக்கிடறேன், செதுக்கின தூளையே சூடு பண்ணி மண்டையில ரெண்டு மேடா ஒட்டிட்டா ஆச்சு, சாக்லேட் பூசறதுக்கு முன்னாடி சொன்னீங்களே அத்தை

பாபு சித்தப்பா: தந்தம்?

நித்தி அக்கா எடிசன்: பொண்ணு யானையாம், பேரு கூட வெச்சாச்சு லட்சுமின்னு. நம்மூர் பொண்ணு யானைக்கு வெளிய தெரியற மாதிரி தந்தம் இருக்காதுல்ல, எனக்கு ஒரு வேலை மிச்சம்

கோவை அத்தை: லட்சுமின்னு பேரு வெச்சுட்டு மொட்டையாவா நிறுத்துவே. நெத்தியில முகபடாம் போடு, கழுத்துல மணி கட்டு

நித்தி அக்கா எடிசன்: மஞ்சள் ஃபாண்டன்ட் அரை பாக்கெட் இருக்கு அத்தை, முகபடாம் வந்துரும். மணிய நாளைக்குப் பாக்கலாம், இங்க மணி ரெண்டாகப் போகுது