பச்சை குத்திய கைகள்: உங்களுக்கு மறக்காத ஒன்று?

அன்னூர்க்காரன்:
ரேஷன் கடைக் கைரேகைக் கூத்து எல்லாருக்கும் தெரியும். களை வெட்டி வெட்டி எங்கள் அம்மிச்சிக்கு ரேகையே தேய்ந்துவிட்டது. எந்த விரலுக்கும் மெஷின் மசியவில்லை, பின்னால் வரிசை முனகுகிறது. அம்மிச்சி சட்டென்று முன்னங்கையைக் கடைக்காரர் முகத்துக்கு நேரே நீட்டினார். குறத்தி கோணல்மாணலாகக் குத்திய அவருடைய பெயர், பக்கத்தில் கோலம், கீழே ஒரு தேள். "மெசினுக்குத் தெரியாட்டிப் போகுது, நீ படிச்சவன்தானே கண்ணு, படி." அவருக்கு எழுத்து தெரியாது. வரிசையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, கையை இறக்கவும் இல்லை. அப்புறம் ஓடிபி போட்டுத்தான் அரிசி வாங்கினோம்.

ராசு:
மத்தியப் படைக்கு ஆள் எடுப்பு. என் தம்பி ஓட்டம், எழுத்து எல்லாம் தேறிவிட்டான். மருத்துவச் சோதனையில் சட்டையைக் கழற்றச் சொன்னதும், வலது கையில் 'அம்மா'. டாக்டர் ஒன்றும் பேசவில்லை, தன் வலது கையைத் தூக்கி ஒரு சல்யூட் வைத்துக் காட்டினார், அவ்வளவுதான். இடது முன்னங்கையின் உள்பக்கம் சின்னதாக இருந்தால் விடுவார்களாம். சல்யூட் அடிக்கும் கையில் கூடாதாம்.

தேன்மொழி72:
அன்னூர்க்காரரே, கோணல்மாணல் என்று சொல்லாதீர்கள். நாலைந்து ஊசியைச் சேர்த்துக் கட்டி, அச்சு எதுவும் இல்லாமல், வெறும் கைக்கணக்கில் புள்ளி வைத்துக் கோலம் போட்டவர்கள் அவர்கள். கோடு கோணியிருந்தால் அது அழுத பிள்ளை கையை இழுத்ததால் இருக்கும். மையும் வீட்டுச் சரக்குதான்: அகத்திக்கீரையும் மஞ்சளும் துணியில் சுற்றி எரித்த கரி. வலி தெரியாமல் இருக்கப் பாடிக்கொண்டே குத்துவார்களாம். கூலி அரிசியும் பழைய புடவையும்.

அம்மா போன அன்று தோட்டைக் கழற்றினார்கள், மூக்குத்தியைக் கழற்றினார்கள். பெரியம்மா அம்மாவின் கையைத் தடவிக்கொண்டே, "இதை எவன் கழற்றுவான்?" என்றார். கூட வருவது பச்சை மட்டும்தான் என்று அம்மாவே அடிக்கடி சொல்வார்.

கிணத்தடி:
எங்கள் சித்தப்பா கையில் இரட்டை இலை. கட்சி அடையாளத்தைப் பச்சை குத்திக்கொள்ளுங்கள் என்று எம்.ஜி.ஆர். தொண்டர்களிடம் சொன்ன காலத்தில் குத்தியது. பிறகு கட்சி மாறிவிட்டார். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை. ஒரு கூட்டத்தில் தண்ணீர் கொட்டியதும் பழக்கதோஷத்தில் கையை மடித்துவிட்டார். மேடையில் இருந்த தலைவர் பார்த்த பார்வை இருக்கிறதே!

நலம்விரும்பி:
ரத்ததான முகாமில் என்னைத் திருப்பி அனுப்பினார்கள். டாட்டூ போட்டால் 12 மாதம் பொறுக்க வேண்டுமாம்.

ராசு சார், தம்பிக்குச் சொல்லுங்கள். லேசரில் அழிக்கலாம், ஆனால் ஒரே தடவையில் போகாது. மை தோலின் உள் அடுக்கில் கிடக்கிறது. லேசர் அதைப் பொடியாக்கும், பொடியை உடம்புதான் மெல்ல மெல்ல வெளியேற்ற வேண்டும். அதனால் ஒவ்வொரு அமர்வுக்கும் நடுவே வாரக்கணக்கில் இடைவெளி விடுவார்கள். கறுப்பு மை சீக்கிரம் உடையும், பச்சையும் மஞ்சளும் பிடிவாதம் பிடிக்கும். நம் மாநிறத்துக்கு அந்த இடம் வெளுத்துத் தழும்பாகவும் நிற்கலாம். தோல் மருத்துவரிடம் மட்டும் போங்கள், அழகு நிலையத்தில் கையைக் கொடுக்காதீர்கள். அப்புறம் பொதுவாக எல்லாருக்கும்: திருவிழாக் கடையில் குத்தாதீர்கள். ஒரே ஊசியில் பலருக்குக் குத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமி, எச்ஐவி வரை பரவும். ஊசி உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், மைக்கிண்ணமும் புதிதாக இருக்கட்டும். பெயர் குத்துவதானால் காதலி பெயர் வேண்டாம்.

ராசு:
நான் வழி கேட்கவே இல்லையே நண்பரே. லேசர் பேச்சை எடுத்ததற்கே தம்பி சாப்பிடாமல் எழுந்து போய்விட்டான். அம்மாதான் அழித்துத் தொலைடா என்று கத்திக்கொண்டிருக்கிறார். வயது வரம்பு முடிய அடுத்த ஆள் எடுப்பு ஒன்றுதான் பாக்கி.