சைக்கிள் இன்ஜின்: சூடானதும் ஸ்பார்க் போகும் கோளாறு (புதுப்பிப்பு)

சைக்கிளில் மாட்டிய 2 ஸ்ட்ரோக் கிட் இன்ஜின் சூடானதும் அணைகிறது, ஆறினால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். கோளாறு மேக்னட் காயிலில் (இன்ஜின் சுழலும்போது ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் கம்பிச்சுருள்).

பலரும் சிடிஐ (காயிலின் மின்சாரத்தை வாங்கி ப்ளக்குக்கு ஸ்பார்க் அனுப்பும் பெட்டி) மாற்றச் சொன்னீர்கள். அதற்குக் காசு போடும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். சிடிஐக்குப் போகும் நீலம், கறுப்பு ஒயர்களைக் கழற்றி, காயில் பக்கம் அளந்தால் சுமார் 300 முதல் 400 ஓம் காட்ட வேண்டும். ஆறிய இன்ஜினில் சரியாகத்தான் காட்டியது. அணைந்த கையோடு அளந்தால் ஓப்பன், அதாவது இணைப்பே இல்லை. எனாமல் கம்பி நீல ஒயரோடு சேரும் சால்டர் முனை சூட்டில் விலகியிருக்கிறது. பழைய ஈயத்தை எடுத்து, எனாமலை நைஸ் உப்புத்தாளால் லேசாகச் சுரண்டி (முடி மாதிரி கம்பி, அழுத்தினால் அறும்), புதிதாகச் சால்டர் வைத்து இன்சுலேட்டிங் வார்னிஷ் பூச வேண்டும்.

காயில் சரியாக இருந்தும் ஸ்பார்க் இல்லையென்றால் கில் சுவிட்ச் (இன்ஜினை அணைக்கும் சுவிட்ச்) ஒயரைக் கழற்றிப் பாருங்கள். உறை தேய்ந்து ஃபிரேமில் பட்டாலே இன்ஜின் அணையும். காயிலிலிருந்து வரும் வெள்ளை ஒயருக்கும் அதே கதைதான். பயன்படுத்தாவிட்டால் முனையில் டேப் சுற்றிவிடுங்கள். ப்ளக் இடைவெளி 0.6 மி.மீ. போதும்.

காயில் மூடியில் ஒயர் வெளிவரும் துளைக்குச் சிலிகான் வையுங்கள், மழைத்தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கும்.